மகள், மகன், நீங்கள்: யாழ்ப்பாணத்து வீடொன்றில் மூவரும் எந்த நாவலில் தொடங்கலாம்?

தரம் 5 இல் படிக்கும் மகளுக்கும், தரம் 10 இல் படிக்கும் மகனுக்கும், பல ஆண்டுகளாக நாவல் எதையும் கையில் எடுக்காத உங்களுக்கும் நல்ல நாவல்களைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகங்களை இரவல் கொடுத்து வருகிறேன். அந்த மேசையில் இருந்து நான் கண்டது ஒன்றுதான்: முதல் நாவலில் தம் வீட்டுப் பேச்சைக் கேட்டவர்கள் இரண்டாவது புத்தகத்துக்குத் தாமாகவே வருகிறார்கள். எனவே வயதைப் பார்த்துப் பட்டியல் போடாமல், எங்கிருந்து தொடங்கலாம் என்பதையே சொல்கிறேன்.

உங்கள் மகளுக்குச் செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’. கதிர்காமத்துக்குப் புறப்படும் கிராமத்து ஆச்சியின் கதை அது. அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாமல், வீட்டில் அம்மம்மா இருந்தால் அவரையே உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்த உரையாடல்களை நாங்கள் வாசிப்பதற்கும் அவர் வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை உடனே கண்டுகொள்வாள். அடுத்ததாக, ஜப்பானியரான தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதிய ‘டோட்டோ-சான்’. நாவல் என்பதைவிட நினைவுக்கதை என்பதே பொருத்தம் என்றாலும், புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் காலையும் மாலையும் ரியூசனுக்கு ஓடும் பிள்ளைக்கு இதைவிட நல்ல துணையை நான் அறியேன். பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் பள்ளிக்கூடத்தில், புதிதாக வந்த சிறுமி சொல்வதையெல்லாம் தலைமையாசிரியர் நான்கு மணி நேரம் இருந்து கேட்கிறார். அந்தப் பக்கத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மகனின் வயதுதான் எனக்குப் பெரிய கவலை. சாதாரணதரப் பரீட்சையை நெருங்கும் பிள்ளைகளுக்கு நாவல் என்பது பாடத்திட்டத்தில் உள்ள ஒன்றாகவும், குறிப்பெடுத்து மனனம் செய்யும் ஒன்றாகவும் சுருங்கிவிடுகிறது. அவருக்கு 1973 இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ நாவலைக் கொடுங்கள். இதுவும் செங்கை ஆழியான் எழுதியதுதான். நெடுந்தீவுக் கரையில் வாடி அமைத்துத் தங்கும் மீனவர்களின் தொழிலும் போட்டியும் காதலும் கலந்த இந்தக் கதை 1978 இல் திரைப்படமாகவும் வந்தது. எங்கள் வாசிகசாலையில் இதை இரவல் எடுத்த ஒரு மாணவன், அடுத்த ஞாயிறு ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடியே வந்து, “எங்கட அப்பப்பா கதைக்கிற மாதிரியே இருக்கு ரீச்சர், இப்பிடிப் புத்தகத்திலையும் எழுதலாமோ?” என்று கேட்டான். எழுதலாம் என்று சொல்லி, சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரிய’ரை அவனிடம் கொடுத்தேன். கிர்கீசியக் கிராமமொன்றில், குளிர்ந்த ஓடையைத் தாண்டப் பிள்ளைகளைத் தன் முதுகில் சுமந்து செல்லும் ஆசிரியரின் கதை அது. அளவிற் சிறியதாகையால் ஓரிரு நாளில் முடித்துவிடலாம். வாசிப்பில் பிடிப்பு ஏற்பட்ட பின்னரே ‘பொன்னியின் செல்வ’னைக் கொடுங்கள். ஐந்து பாகங்களையும் ஒரே நாளில் மேசையில் அடுக்கி வைத்தால் பிள்ளை மலைத்துப் போவான். பூங்குழலியின் படகில் வந்தியத்தேவன் ஈழக் கரைக்கு வரும் இரண்டாம் பாகத்தை அடைந்துவிட்டால், பிறகு நீங்கள் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது கே. டானியலின் ‘பஞ்சமர்’. கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் நுழைவதற்காக ஒடுக்கப்பட்ட மக்கள் இதே மண்ணில் நடத்திய போராட்டத்தை, அந்த மக்களின் பேச்சிலேயே எழுதிய நாவல் அது. சாதியைப் பற்றி வீட்டில் வாய் திறக்காமல் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அதை வாசிப்பது எளிதன்று. ஆயினும் வாசிக்காமல் யாழ்ப்பாணத்தை அறிந்ததாகச் சொல்ல முடியாது. அதன் பின் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’. ஒரு பெண்ணின் மணவாழ்க்கைத் துயரை 1914 இலேயே ஒரு பெண் நாவலாக்கியிருக்கிறார். நடை பழையது, பொறுமை வேண்டும்.

இவற்றின் அச்சுப் பிரதிகளைத் தேடிக் கடை கடையாக அலைய நேரலாம். 1981 இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த ஊர் இது. நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். கடைக்குப் போகுமுன் அங்கே தேடிப்பாருங்கள்.

போரைப் பற்றிய நாவல்களைக் கடைசியாக வைத்திருக்கிறேன். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ கூர்மையான, சிறிய நாவல். மகன் இன்னும் சில ஆண்டுகள் கழித்து வாசிக்கட்டும். வன்னியின் இறுதிப் போரில் இடம்பெயர்ந்துகொண்டே போகும் மக்களின் நாட்களைத் தமிழ்க்கவி ‘ஊழிக்கால’த்தில் எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் அந்த நாட்களைக் கடந்து வந்தவர் எவரேனும் இருந்தால், புத்தகத்தை அவர் கண்ணில் படும்படி போட்டுவிட்டுப் போகாமல், இன்னதைப் பற்றியது என்று முதலில் சொல்லுங்கள். நீங்களும் அதை இரவில் தனியே வாசிக்க வேண்டாம். பகலில், வீட்டில் ஆட்கள் நடமாடும் நேரத்தில், நாளுக்கு ஓர் அத்தியாயமாக வாசியுங்கள். நான் அப்படித்தான் வாசித்து முடித்தேன்.