தேனீக்கு 'ஆண்டிபாடி பவுடர்' வாங்கலாமா?

பெட்டியில புழு பழுப்பாகி அழுகிச் சாகுது, பெட்டி வித்தவரே ஒரு பவுடர் தர்றார், சர்க்கரைப் பாகுல கலந்து வெச்சா ஆண்டிபாடி ஊறி நோய் ஓடிடும்ங்கறார், வாங்கலாமான்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார்.

வாங்காதீங்க. ஆண்டிபாடிங்கறது நம்ம உடம்பு குறிப்பிட்ட கிருமியைப் பிடிக்கறதுக்குன்னு செய்யற புரதம், தேனீக்கு அது கிடையவே கிடையாது, எந்தப் பூச்சிக்குமே கிடையாது. அதுங்க வழி வேற. கிருமி உள்ள வந்தா வயித்துப் பக்கம் இருக்கற கொழுப்புத் திசு சில மணி நேரத்துல குட்டிக் குட்டிப் புரதத்தைத் தயார் பண்ணி ரத்தத்துல விடும், அதுல பலது பாக்டீரியா மேல் தோல்ல ஒட்டி ஓட்டை போட்டே கொன்னுடும். ஸ்வீடன் விஞ்ஞானி ஹான்ஸ் போமனோட குழு செக்ரோபியா அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவுக்குள்ள பாக்டீரியாவை ஊசியில ஏத்தி, அப்புறம் அது ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்த அப்படி ஒரு புரதம்தான் செக்ரோபின், 1981ல வெளியிட்டாங்க. தேனீகிட்டயும் அபிடேசின், ஹைமனாப்டேசின்னு இதே மாதிரிப் புரதங்கள் இருக்கு.

அந்தக் கொழுப்புத் திசுவைத்தான் தேனீ மேல ஒட்டி வாழற வரோவா உண்ணி கடிச்சுத் திங்குது. மருந்து செய்யற இடத்தையே ஒருத்தன் தின்னுட்டிருக்கறப்ப பவுடர் என்ன பண்ணும்? உண்ணியைக் குறைங்க, பலவகைப் பூவோட மகரந்தம் கிடைக்க வழி பண்ணுங்க, எதிர்ப்புச் சக்திங்கறது அங்கதான் இருக்கு.

வியாபாரி உடனே "தேனீக்குத் தடுப்பூசியே வந்துடுச்சே"ம்பார். வந்தது உண்மைதான், ஆனா அது என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. ராணி தின்ன பாக்டீரியாத் துண்டை விட்டலோஜெனின்ங்கற புரதம் முட்டைக்குக் கொண்டு போகும், அதனால பொறிக்கற புழு கொஞ்சம் தயாரா இருக்கும். இதை வெச்சு அமெரிக்கன் ஃபவுல்புரூட்ங்கற, புழுவை அழுக வெக்கற பாக்டீரியா நோய்க்கு ஒரு தடுப்பு மருந்துக்கு அமெரிக்காவுல நிபந்தனையோட அனுமதி குடுத்ததா 2023 தொடக்கத்துல அறிவிச்சாங்க. அது செத்த கிருமியை ராணிக்கு ஊட்டறது, அந்த ஒரு நோய்க்கு மட்டும், அதுவும் வர்றதுக்கு முன்னாடி. ஏற்கனவே அழுகற புழுவை அது காப்பாத்தாது, அதுலயும் ஆண்டிபாடி இல்ல. உங்க கையில இருக்கற பவுடருக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. 'ஊட்டச்சத்து'ன்னு லேபிள் ஒட்டினா மருந்துக்குக் கேக்கற கேள்வி எதையும் கேக்காம வித்துக்க விடறாங்க பல இடத்துல, அதைப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு எரியுது.

இன்னைக்கே ஒண்ணு செய்ங்க. மூடி உள்வாங்கி ஓட்டை விழுந்த புழு அறையில தீக்குச்சியை விட்டு சுத்தி மெதுவா இழுங்க. பழுப்பு நூல் மாதிரி ரெண்டு மூணு சென்டிமீட்டர் நீண்டு வந்தா அது பெரும்பாலும் அந்த அமெரிக்கன் ஃபவுல்புரூட்தான். அந்தக் கிருமியோட ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கற வடிவம், பல வருஷம் உயிரோட கிடக்கும், ஆன்டிபயாடிக் குடுத்தா வெளியே தெரியாம அமுங்குமே தவிர ஸ்போர் சாகாது, அதனால அவர் அடுத்து நீட்டப்போற மாத்திரையையும் வாங்காதீங்க. நூல் வந்துச்சுன்னா பெட்டியை மூடிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லிடுங்க, லேப் ரிசல்ட் எவ்வளவு தாமதமானாலும் அதுவரைக்கும் தேனடை இருக்கற ஒரு மரச்சட்டத்தைக்கூட வேற பெட்டிக்கு மாத்தாதீங்க, குச்சியை அங்கேயே எரிச்சுடுங்க.