மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்கள் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் செலவிடுவார்கள்? எப்போது அந்த இடத்தை விட்டுவிடுவது?

ஒரு தடவை போனால் மூன்றிலிருந்து ஆறு மணி நேரம். ஆனால் அதே இடத்துக்கு வருஷக்கணக்கில் போவார்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், புதிதாக டிடெக்டர் வாங்கி, ஒரு நிலத்தில் ஓரிரு முறை சுற்றிப் பார்த்து, ஆணியும் தகரத் துண்டும் மட்டுமே கிடைத்து, வேறு இடம் பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள் போல. "அங்கே எல்லாம் எடுத்தாச்சு, இனி ஒன்றும் இல்லை" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். அந்தப் பேச்சை நானும் நிறையக் கேட்டவன். கேட்டும் அதே நிலத்துக்குப் போய்க்கொண்டிருப்பவன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். சாதாரண 11 அங்குல காயிலை (டிடெக்டரின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு) இடமும் வலமும் வீசினால் ஒன்றரை மீட்டர் அகலம் கிடைக்கும். நிதானமாக வீச ஒரு தடவைக்கு இரண்டு வினாடி. அடுத்த வீச்சுக்குக் காயிலில் பாதி அளவு, அதாவது சுமார் 14 செ.மீ. மட்டுமே முன்னால் நகர வேண்டும். காரணம், காயிலுக்குக் கீழே ஆழம் போகப் போக அது பார்க்கும் பரப்பு சுருங்கிவிடும். முழு அகலத்துக்கு நகர்ந்தால் மேலே கிடப்பதைப் பிடிக்கலாம், ஆழத்தில் கிடப்பதைத் தாண்டிவிடுவீர்கள். இந்த வேகத்தில் ஒரு ஏக்கரை, அதாவது 4,047 சதுர மீட்டரை, வீசி முடிக்கவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் ஒரு குழி கூடத் தோண்டவில்லை! ஒவ்வொரு சிக்னலுக்கும் மண்ணை வெட்டி, பின்பாயிண்டரால் (குழிக்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கைக்கருவி) தேடி, குழியை மூட மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 40 சிக்னலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். ஒரே ஒரு ஏக்கருக்கு, ஒரே ஒரு திசையில், இவ்வளவு. ஒரு காலை வேளையில் நாலு ஏக்கரை "முடித்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால், அவர் அந்த நிலத்தில் நடந்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள முடியும்.

என் கதைக்கு வருகிறேன். பழைய நடைபாதை ஒன்றை ஒட்டிய நிலம் அது. உரிமையாளரிடம் அனுமதி வாங்கி நாங்கள் சிலர் சேர்ந்து போனோம். ஆரம்பத்தில் பொத்தான், பெல்ட் கொக்கி, சில காசுகள் என்று நன்றாகக் கிடைத்தது. அப்புறம் குறைந்தது. ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். அதற்காகப் பேச்சும் வாங்கினேன். "அவனுக்கு வேறு இடம் பிடிக்கத் தெரியவில்லை" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொன்னது காதுக்கு வந்தது. வீட்டிலும் "அந்த ஒரே மண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்ற கேள்வி.

திரும்பத் திரும்பப் போனதில் கிடைத்த முதல் லாபம் ஒரு தகவல். நில உரிமையாளர் பெரியவர். ஆரம்பத்தில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். நாளாக நாளாக வந்து பேச ஆரம்பித்தார். ஒரு நாள், "தம்பி, அந்தக் கீழ் மூலையில் ஒரு கொட்டகை இருந்ததாம், எங்க அப்பா சொல்வார்" என்றார். அந்த மூலைதான் நாங்கள் எல்லோரும் ஒதுக்கிய மூலை. காலடிக்குக் காலடி ஆணி. ஹெட்போனில் கர் கர் என்று இரும்புச் சத்தம் ஓயாது. எல்லோரும் இரும்பை ஒதுக்கும்படி டிஸ்க்ரிமினேஷனை ஏற்றிவைத்துக்கொண்டு அதைக் கடந்து போயிருந்தோம். ஆனால் கொட்டகை இருந்தது என்றால் ஆட்கள் புழங்கியிருக்கிறார்கள். ஆட்கள் புழங்கிய இடத்தில் ஏதாவது விழுந்திருக்கும்.

பெரிய காயிலைக் கழற்றிவிட்டு 6 அங்குல காயிலை மாட்டினேன். பெரிய காயிலின் கீழ் ஒரே நேரத்தில் மூன்று நாலு ஆணிகள் வந்துவிடும், அவற்றின் சத்தம் நடுவில் இருக்கும் காசை மூடிவிடும். சின்னதில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கலாம். டிஸ்க்ரிமினேஷனையும் முழுக்க எடுத்துவிட்டேன். வடக்கு தெற்காக ஒரு முறை, பிறகு அதே துண்டைக் குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு முறை. ஒரு மதியம் முழுக்க ஒரு சின்ன அறையளவு இடத்தைத் தாண்டவில்லை.

ஒரு இடத்தில் வடக்கு தெற்காக வீசும்போது வெறும் இரும்புச் சத்தம்தான் வந்தது. குறுக்கே வீசும்போது அதன் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கீச்சு. இரண்டு மூன்று வீச்சுக்கு ஒரு தடவைதான் வரும். காயிலை ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் ஆட்டினால் மட்டும் நிலையாக நின்றது. தோண்டினேன். முதலில் வளைந்த ஆணி ஒன்று, துருப்பிடித்து விரல் கனத்துக்கு உப்பியிருந்தது. அதை எடுத்துவிட்டுக் குழியின் மேல் மறுபடி வீசினால், இப்போது இரும்புச் சத்தமே இல்லை, சுத்தமான உயர்ந்த ஒலி. குழிச் சுவரில், மண்ணுக்குள் செங்குத்தாகச் செருகிய மாதிரி ஒரு வெள்ளிக் காசின் விளிம்பு தெரிந்தது. சுண்டுவிரல் நக அளவுதான், காகிதம் போல மெலிசு. தட்டையாகக் கிடக்கும் காசை விட இப்படி விளிம்பில் நிற்கும் காசு டிடெக்டருக்கு மிகவும் பலவீனமாகத்தான் தெரியும். கூடவே பக்கத்தில் ஆணி. எங்கள் எல்லோருடைய காயிலும் அதன் மேல் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த மூலையில் பிறகும் நிறையக் கிடைத்தது. எல்லாவற்றையும் உரிமையாளரிடம் காட்டி, பதிவு செய்ய வேண்டியதைப் பதிவும் செய்தேன்.

"ஒரு காசுக்கு இத்தனை நாளா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, எனக்கு அது போதும். ஆனால் பெரிய கண்டுபிடிப்புகளும் இப்படி வந்திருக்கின்றன. ஜெர்சி தீவில் ரெஜ் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் என்ற இருவர், ஒரு பெண்மணி சொன்ன பழைய தகவலை நம்பி ஒரே வயலில் சுமார் 30 வருஷம் தேடினார்கள். அறுவடைக்குப் பிறகு வருஷத்துக்குச் சில மணி நேரம்தான் அவர்களுக்கு அனுமதி. 2012-ல் கிடைத்தது, கிட்டத்தட்ட 70,000 இரும்புக் காலக் காசுகள் ஒரே கட்டியாக. இன்னொன்று, 2009-ல் இங்கிலாந்தில் டெர்ரி ஹெர்பர்ட் கண்டெடுத்த ஸ்டாஃபர்ட்ஷைர் புதையல், பழைய தங்க, வெள்ளிப் பொருள்களின் குவியல். தொல்லியல் குழுவே வந்து அந்த இடத்தை முறையாகத் தோண்டி எடுத்துவிட்டுப் போனது. 2012 நவம்பரில் அதே வயலை உழுதபோது மேலும் 80-க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. கலப்பை கீழே இருப்பதை மேலே புரட்டுகிறது, விளிம்பில் நின்றதைப் படுக்கவைக்கிறது. அதனால் உழவுக்கு முந்தைய நிலமும் பிந்தைய நிலமும் டிடெக்டருக்கு வேறு வேறு.

அதற்காக எல்லா இடத்திலும் இப்படி உட்கார்ந்துகொள்ளச் சொல்லவில்லை. ஒரு கட்டடம், ஒரு பாதை, ஒரு ஆற்றுத் துறை என்று மனிதர் புழங்கிய தடயமே இல்லாத வெற்று நிலம் என்றால் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு நகரலாம். கடற்கரையும் வேறு கணக்கு. அங்கே கடல் நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் தேடுவார்கள், ஒவ்வொரு புயலுக்கும் மணல் மாறிவிடும்.

தொல்லியல் ஆர்வலர்கள் யாரும் கோபப்பட வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடத்துக்கு நான் போனதில்லை, போகவும் கூடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சில நாடுகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் டிடெக்டரைத் தொடவே கூடாது. உழவு மண்ணுக்குக் கீழே ஏதாவது குவியலாகத் தெரிந்தால் கையை எடுத்துவிட்டுத் தகவல் சொல்ல வேண்டும். 1992-ல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், காணாமல் போன ஒரு சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸ் அதைத்தான் செய்தார். அவர் பாதியில் நிறுத்தியதால்தான் சுமார் 15,000 ரோமானியக் காசுகளும், அவற்றை வைத்திருந்த பெட்டியின் தடயமும் தொல்லியலாளர்களுக்கு ஒழுங்காகக் கிடைத்தன.

இன்னொரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நூறு மீட்டர் தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும்" என்று ஆன்டெனா வைத்த கைப்பிடிகளை விற்கிறார்களே, அவற்றைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எனக்கு வேண்டிய ஒருவர் சேமிப்பைக் கொட்டி அப்படி ஒன்றை வாங்கினார். பிரித்துப் பார்த்தால் உள்ளே வேலை செய்யும் எதுவும் இல்லை. விற்றவர் போனையே எடுப்பதில்லை. சும்மா வாயில் சொல்லவில்லை: கோல்ஃப் பந்து தேடும் பொம்மைக் கருவியிலிருந்து உருவான ஏடிஇ 651-ஐ வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பத்து வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதை நம்பிச் சோதனைச் சாவடிகளில் நின்றவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. தங்கம் தேடுவதாகச் சொல்லி அதே வித்தையை விற்பவர்கள் இன்னும் வெளியே இருக்கிறார்கள்.

சரி, உங்கள் நிலம். விட்டுவிடும் முன் அங்கே முன்பு என்ன இருந்தது என்று உரிமையாளரிடம் விசாரியுங்கள். அடுத்த உழவு முடிந்து, மழை பெய்து மண் படிந்த பிறகு ஒரு தடவை போங்கள். இதுவரை நடந்த திசைக்குக் குறுக்கே நடங்கள். ஆணி அதிகமாக உள்ள மூலை எது என்று குறித்துவைத்துக்கொண்டு, ஒரு முழு நாளை அந்த மூலைக்கு மட்டும் கொடுங்கள். என்ன டிடெக்டர், என்ன காயில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதினால் அதற்கு ஏற்ற செட்டிங்கையும் சொல்கிறேன்.