பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஊர் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துவது எப்படி?

மாதம் ஒரு ஞாயிறு ஏரிக்குப் போகிறோம், ஜனவரிக் கணக்கெடுப்பில் சேர ஆசை, ஆனால் போன தடவை நாமக்கோழி என்ற நீர்ப்பறவையை ஒருவர் 300 என்றார், இன்னொருவர் 700 என்றார், யார் சொன்னது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே தவறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆளாளுக்கு ஒரு முறையில், ஆளாளுக்கு ஓர் இடத்தில் நின்று எண்ணினால் இப்படித்தான் வரும்.

முதலில் நிற்கும் இடம். நம் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம்தான். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில், வெளிச்சம் பறவைமேல். அதே இடத்தில் மாலை நின்றால் வாத்தும் நீர்க்காகமும் ஒரே கறுப்பு நிழல். ஆகவே பனி விலகியதும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பதினைந்து பேரும் வரிசையாகக் கரையில் நடக்கக் கூடாது. முன்னால் போகிறவர் கிளப்பிவிட்ட கூட்டம் ஏரியின் மறுமூலையில் இறங்கி இரண்டாம் முறை எண்ணப்படும். மதகு, உபரி நீர் வழியும் கலங்கல், ஒற்றைப் பனை என்று கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களால் ஏரியைத் துண்டு போட்டு, துண்டுக்கு மூன்று நான்கு பேர் நில்லுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் எண்ணுவார், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது. ஒருவர் எழுதுவார். மூன்றாமவருக்குப் பறந்து போவதைக் கவனிப்பது மட்டும்தான் வேலை: "நீர்க்காகம் 40, 7.20, கலங்கல் பக்கம்" என்று வாட்ஸ்அப்பில் உடனே போட வேண்டும். அடுத்த குழு அந்த 40-ஐச் சேர்க்காது. இந்த மூன்றாமவரைப் பலரும் வெட்டி ஆள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், கணக்கு கெடுவது அங்கேதான்.

எண்ணும் விதத்துக்கு நாமக்கோழியையே எடுத்துக்கொள்வோம். கூட்டத்தின் நடுவில் நெருக்கமாக இருக்கும், ஓரத்தில் சிதறியிருக்கும். நடுவில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தை மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவை இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். ஓரத்துக்கு வந்ததும் அந்த அளவு உதவாது, அங்கே புதிதாக ஒரு பத்து எண்ண வேண்டும். பிறகு வலமிருந்து இடமாக ஒரு முறை. இரண்டுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் கண் குறைத்தே மதிப்பிடும். வீட்டில் தாம்பாளத்தில் உளுந்தைத் தூவி, ஐந்து நொடி பார்த்து மதிப்புச் சொல்லி, பிறகு எண்ணிப் பாருங்கள், எவ்வளவு பின்தங்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும். முக்குளிப்பானுக்கு வேறு கதை. பாதி எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும், அரை நிமிடம் விட்டு மறுபடி எண்ணி, இரண்டில் எது பெரிய எண்ணோ அதை எழுதுங்கள். வாத்துகள் கலந்து கிடந்தால் முதலில் மொத்தம், பிறகு இரண்டு மூன்று இடத்தில் ஐம்பது ஐம்பதாக எடுத்து அதில் எத்தனை நீலச்சிறகி, எத்தனை ஊசிவால் வாத்து என்று பார்த்து விகிதத்தில் பிரிக்கலாம்.

இனம் பிரிப்பதில் தகராறு வருவது வெள்ளைக் கொக்குகளில். பெரிய கொக்குக்கு அலகிலிருந்து பின்னோக்கிப் போகும் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடும். சின்னக் கொக்குக்குக் கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்று புத்தகம் சொல்லும்; சேற்றில் நிற்கும்போது பாதம் எங்கே தெரிகிறது? அலகு கறுப்பா என்று பாருங்கள். தெரியாவிட்டால் "கொக்கு, இனம் தெரியவில்லை, 35" என்று எழுதுவதில் வெட்கமில்லை. பறவைப் பட்டியல்களை ஏற்றும் இணையதளமான ஈபேர்டிலும் அதற்கு இடம் உண்டு.

ஈபேர்டில் ஏற்றும்போது பதினைந்து நிமிடத்துக்குக் குறையாத பட்டியலாக, காகம் மைனா உட்படப் பார்த்த, கேட்ட எல்லா இனத்தையும் சேர்த்துப் போடுங்கள். எண்ணுக்குப் பதில் எக்ஸ் போட்டால் இருந்தது என்பது மட்டும்தான் பதிவாகும். ஒரு துண்டுக்கு ஒரே பட்டியல். ஒருவர் ஏற்றி மற்றவர்களோடு பகிர வேண்டும், ஆளுக்கொன்று ஏற்றக் கூடாது. நடந்த அதே வழியில் திரும்பினால் தூரத்தை இரட்டிக்காதீர்கள். வரைபடப் புள்ளி ஏரியில்தான் விழுகிறதா, பேருந்து நிலையத்தில் விழுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1987-இலிருந்து நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அதே மாதம், உலக அளவிலான நான்கு நாள் கணக்கெடுப்பு பிப்ரவரியில். சேருங்கள். ஆனாலும் அதே நாள், அதே நேரம், அதே இடங்கள் என்று மாதாமாதம் நீங்கள் எடுக்கும் கணக்குதான் அந்த ஏரிக்கு உதவும் என்பது என் கருத்து. கூடவே மதகுத் தூணில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு போட்டோ எடுங்கள். ஏரி நிரம்பித் ததும்பினால் சேறு வெளியே தெரியாது, சேற்றில் இரை தேடும் உள்ளான்கள் இருக்காது. அந்தப் போட்டோ இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் பறவை அழிந்துவிட்டது என்று செய்தி எழுதிவிடுவார்.

ஏரிக்குள் கூடு இருந்தால் மரத்தடிக்குப் போகவே வேண்டாம், கரையோடு நில்லுங்கள். தாய் எழுந்து பறந்தால் குஞ்சு வெயிலில் வாடும், காகம் முட்டையைத் தூக்கும். சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி மனுக் கொடுக்குமுன் அதில் எத்தனை கூடு என்று எண்ணுங்கள். கூடு உள்ள மரங்களை விட்டுவைத்து, நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வைத்து வளர்ந்த பிறகு படிப்படியாக எடுக்கலாம்.

ஊரில் பறவைகளைப் பற்றிப் பேசப் போனால் காட்டும் படம் பதினைந்துக்கு மேல் வேண்டாம். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஏன் இடைவெளி விட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பதைப் பெரியவர்களிடம் சொல்லலாம். மீன் குத்தகைக்காரரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். தினமும் ஏரியில் கிடப்பவர் அவர். எந்த வாரம் வாத்து இறங்கியது, எந்த வலையில் முக்குளிப்பான் சிக்கியது என்று அவருக்குத்தான் தெரியும்.