கனடா குடும்ப ஸ்பொன்சர்: பத்திரங்களில் பெயர் ஒவ்வொரு விதமாக இருந்தால் எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

கணவர் கனடாவில் இருந்து உங்களையும் பிள்ளைகளையும் ஸ்பொன்சர் செய்கிறார், பிறப்புப் பத்திரத்தில் உங்கள் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பிள்ளையின் பத்திரத்தில் வேறு மாதிரி, எல்லாவற்றையும் திருத்தினால்தான் விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள். தேவையில்லை. அக்கா குடும்பத்துக்கு வெள்ளவத்தையில் இருந்து கடதாசி வேலை முழுவதையும் நான்தான் பார்த்தேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் பாஸ்போட். படிவத்தில் பெயர் எழுத்துக்கு எழுத்து அதில் உள்ளபடிதான் வர வேண்டும், நாளைக்கு நிரந்தர வதிவிட அட்டையில் வரப்போவதும் அதுதான். பாஸ்போட்டிலேயே பிழை என்றால் மட்டும் அதைப் பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்தில் திருத்திவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

பாதிச் சிக்கல் வருவது மொழிபெயர்ப்பில்தான். கொழும்பில் பிறந்த எங்களில் பலருக்குப் பிறப்புப் பத்திரம் சிங்களத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குத் தமிழில். அதில் ஆங்கில எழுத்தே இல்லை, மொழிபெயர்ப்பவர் தனக்குச் சரியென்று பட்டதை எழுதுவார். சண்முகராஜாவை ஒருவர் வெறும் எஸ் போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் எஸ் எச் போடுவார், கடைசியில் ஒரு எச் வருவதும் வராததும் அவரவர் பழக்கம். ஆகவே சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது குடும்பத்தில் எல்லாருடைய பாஸ்போட் கொப்பியையும் கொண்டுபோங்கள், அதே பெயர்தான் என்றால் பாஸ்போட்டில் உள்ள எழுத்தையே போடச் சொல்லுங்கள். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மூலப் பத்திரத்திலேயே சண்முகராஜாவுக்குப் பதில் சண்முகம் என்று இருந்தால் உள்ளதை உள்ளபடியே மொழிபெயர்க்க வேண்டும், தயவுசெய்து மாற்றித் தரக் கேட்காதீர்கள். சொந்தக்காரர் செய்த மொழிபெயர்ப்பும் செல்லாது, அவர் அதையே தொழிலாகச் செய்தாலும்.

அப்படி மிஞ்சுகிற வித்தியாசங்களுக்குத்தான் சத்தியக் கடதாசி. எந்தப் பத்திரத்தில், எந்த இலக்கத்தில், பெயர் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, இவை எல்லாம் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைப்பது. ஆங்கிலத்திலேயே செய்தால் இன்னொரு மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். "என் பெயர் பல விதமாக எழுதப்படும்" என்று பொதுவாக எழுதிய கடதாசி எதற்கும் உதவாது, இலக்கங்களோடு இருக்க வேண்டும். கூடவே ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதமும் வையுங்கள்.

இதைவிட முக்கியமானது, படிவத்தில் வேறு பெயர் பாவித்திருக்கிறீர்களா என்று கேட்கும் இடம். கலியாணத்துக்கு முந்திய பெயர், பழைய அடையாள அட்டைப் பெயர் எல்லாவற்றையும் அங்கே எழுதிவிடுங்கள். பயந்து "இல்லை" என்று போடுகிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் பதறும். எழுத்து வித்தியாசத்தை விளக்கிவிடலாம். ஆனால் முக்கியமான ஒன்றை மறைத்ததாகக் கனடாக் குடிவரவு அதிகாரிகள் முடிவெடுத்தால் கனடாச் சட்டப்படி 5 வருடத் தடை, குடும்பம் பிரிந்தே கிடக்கும்.

சரி, எதைக் கட்டாயம் திருத்த வேண்டும்? பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைக் கவனமாகப் பாருங்கள். தாய் பிள்ளை உறவைக் காட்டுவது அந்தப் பத்திரம்தான், அதில் உங்கள் பெயர் வேறு யாரோ போலவோ பிறந்த திகதி பிழையாகவோ இருந்தால் சத்தியக் கடதாசியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பிறப்புப் பதிவான இடத்துப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்த விண்ணப்பியுங்கள், உங்கள் பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம் இரண்டையும் கொண்டுபோங்கள். அது நாள் எடுக்கும், அதனால் இந்த வாரமே தொடங்குங்கள், திருத்திய பத்திரம் கையில் வந்த பிறகு அதை மொழிபெயர்க்கலாம். டிஎன்ஏ பரிசோதனை என்று யாராவது சொன்னால் இப்போதே காசைக் கொட்டாதீர்கள், கனடாக் குடிவரவு அதிகாரிகள் எழுத்தில் கேட்டால் மட்டும் செய்தால் போதும்.