வாசகர் கேள்வி – மருத்துவப் பதில்: கூழ் குடித்த நாளில் பசி பிந்துவது ஏன்?

கேள்வி: காலையில் பாணும் ஜாமும் சாப்பிட்டால் பதினொரு மணிக்கே பசி எடுத்துவிடுகிறது. ஒடியற்கூழ் காய்ச்சும் நாட்களில், மதியம் குடித்தால் இரவுவரை பசியே தெரிவதில்லை. கூழ் இலகுவில் சமிக்காது என்பதுதான் காரணமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கூழிலுள்ள மீன், நண்டு, இறால் எல்லாம் நன்றாகவே சமிபாடடைகின்றன. சமிபாடு நடப்பது வேறு, இரைப்பை வெறுமையாவது வேறு. பசி பெரும்பாலும் பின்னதையே ஒட்டி வருகிறது.

பாண் துண்டொன்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பாருங்கள். சற்று நேரத்தில் மெல்லிய இனிப்புத் தெரியும். உமிழ்நீரிலுள்ள அமைலேசு என்னும் நொதியம் மாப்பொருளை வெல்லமாக உடைக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். தீட்டிய கோதுமை மாவில் நார்ப்பொருள் குறைவாகையால், அந்த உணவு இரைப்பையில் விரைவிலே குழைந்து, சிறுகுடலுக்குள் தாமதமின்றி இறங்கிவிடுகிறது.

இரைப்பையின் கீழ்வாயில் இறுக்கித் தசை ஒன்று உண்டு. ஐதரோகுளோரிக் அமிலத்திலும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்னும் நொதியத்திலும் ஊறி, தசைச் சுவர்களின் பிசைவில் ஓரிரு மில்லிமீற்றர் அளவுக்குச் சிறுத்த துணிக்கைகளையே அது சிறிது சிறிதாக வெளியே விடும். கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலை அடைந்ததும் அங்குள்ள கலங்கள் கொலிசிஸ்டோகைனின் என்னும் ஓமோனைக் குருதியில் சுரக்கின்றன. அந்த ஓமோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்து பித்தத்தை வரவழைக்கிறது. சதையியிலிருந்து நொதியங்களைச் சுரக்கச் செய்கிறது. அத்துடன் இரைப்பையின் வேகத்தைக் குறைத்து, மூளைக்குப் “போதும்” என்றும் அறிவிக்கிறது. சிறுகுடல் தன் கையிலுள்ள வேலை முடியுமுன் மேலும் உணவை ஏற்க மறுப்பதாகவே இதைக் கொள்ளலாம். கடலுணவும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் ஒடியல் மாவின் நாரும் சேர்ந்து தடித்த கூழ், பாணைவிட நெடுநேரம் இரைப்பையில் தங்குவதில் வியப்பில்லை. இரண்டு பிளா குடித்தவர் மூன்றாவதற்கும் பிளாவை நீட்டுவது நம்மிடையே வழக்கமாகையால், குடித்த அளவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு உணவுக்கு உணவு நேரம் வேறுபடுவதைக் கண்ணால் கண்டு பதிந்தவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ற். 1822 இல் துப்பாக்கிச் சூட்டுக் காயம்பட்ட அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்பவருக்குக் காயம் ஆறியபின்னும் இரைப்பைக்குள் ஒரு துவாரம் நிலைத்துவிட்டது. போமன்ற் பலவகை உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அதனூடாக இறக்கி, இடையிடையே வெளியே இழுத்துப் பார்த்தார்; 1833 இல் தம் அவதானங்களை நூலாக வெளியிட்டார். நோயாளியின் பொறுமையை நினைத்தால் மருத்துவரின் புகழில் பாதியை அவருக்கும் கொடுக்கத் தோன்றுகிறது.

உறிஞ்சல் முக்கியமாக நடப்பது ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகளில்தான். ஒடியலின் நாரை உடைக்க நம்மிடம் நொதியம் இல்லை. அது பெருங்குடலுக்குப் போய், ஒரு பகுதி அங்குள்ள பற்றீரியாக்களுக்கு இரையாகிறது. கூழ் குடித்த இரவில் வயிறு சற்று ஊதுவது அவை வெளியிடும் வாயுவினால்.

கேள்வி: சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் இரைப்பை அமிலம் நீர்த்துச் சமிபாடு கெடும் என்கிறார்களே?
– வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: கெடாது. ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை இரைப்பைச் சாறு சுரக்கிறது. குடித்த தண்ணீர் விரைவில் சிறுகுடலுக்கு இறங்கிவிடும். அமிலத்தன்மை குறைந்தால் இரைப்பை மேலும் சுரந்துகொள்ளும். நெஞ்செரிவு உள்ளவர்கள் மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டு, அதன்மேல் நிறையத் தண்ணீரும் குடித்து, உடனே படுக்கப் போவதைத் தவிர்க்க வேண்டும்.