போக்சோ வழக்கு நடக்கிறது, மகள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள்: டிசி வாங்கிவிடலாமா?

கேள்வி: 8ஆம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் டியூஷன் ஆசிரியர் அத்துமீறினார். மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ வழக்குப் பதிவாகிவிட்டது. ஒரு மாதமாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். காலையானால் வயிற்றுவலி என்கிறாள், இரவில் தூங்குவதில்லை. பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். உறவினர் ஒருவர் பணம் வாங்கித் தருகிறேன், சமரசமாகப் போய்விடலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: இப்போது டிசி வாங்காதீர்கள், அம்மா. அந்த வயிற்றுவலி நடிப்பில்லை. இந்த வயதில் பயம் உடம்பில்தான் முதலில் தெரியும். படித்தது நிற்காது, சிடுசிடுப்பு வரும், தன் மேல்தான் தப்பு என்று தோன்றும். இந்த நேரத்தில் பள்ளியை விட்டு எடுத்தால், தண்டனை தனக்குத்தான் என்றே அவள் எடுத்துக்கொள்வாள். வீட்டில் இருக்க இருக்கப் பயமும் கூடும், விட்டுப்போன பாடமும் சேர்ந்து மிரட்டும்.

முதல் வாரம் இரண்டு பீரியட் போதும். டியூஷன் இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு வழியில் நீங்களே கூட்டிப் போங்கள். விஷயம் தலைமை ஆசிரியருக்கும், அவள் நம்பும் ஒரு ஆசிரியைக்கும் மட்டும் தெரிந்தால் போதும். படபடப்பு வந்தால் கேள்வி கேட்காமல் அந்த ஆசிரியையிடம் அனுப்ப வேண்டும். "ஏன் வரலை?" என்று தோழிகள் கேட்டால் என்ன சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். நடந்ததை வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அழைத்துப் போங்கள், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

8ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பள்ளியின் பெயர் கெடுமே என்று பாதிக்கப்பட்ட பிள்ளையை வெளியே தள்ளுவதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. வழக்குப் பதிவானதும் போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை கூடவே வர 'சப்போர்ட் பெர்சன்' ஒருவரை அந்தக் குழு நியமிக்கலாம். போக்சோ சட்டம் வந்தது 2012இல். இன்னும் பெற்றோர்தான் அலைந்து கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. குழுவுக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். அந்த நபருக்கு நீங்கள் சம்பளம் தர வேண்டியதில்லை.

சமரசம் பேச வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இது ராஜி செய்துகொள்ளக்கூடிய குற்றமே இல்லை. மாணவியிடம் ஆசிரியர் அத்துமீறிய வழக்கைக் குடும்பத்தார் சமரசம் ஆனதைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்லாது என்றது. இடையில் நிற்பவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றச் சொல்லி அவளை நெருக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

இழப்பீடு வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்றும் ஆள் வருவார்கள். ஒரு பைசா தராதீர்கள். தீர்ப்பு வந்தால்தான் இழப்பீடு என்றும் சொல்வார்கள், அது தவறு. எஃப்ஐஆர் பதிவானதுமே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், ஆளே அடையாளம் தெரியாமல் போனாலும், பிள்ளைக்குப் பாதிப்பு உண்டு என்று சிறப்பு நீதிமன்றம் கருதினால் இழப்பீடு பரிந்துரைக்கலாம். மறுபடியும் சொல்கிறேன்: விடுதலை ஆனாலும் வழி உண்டு. தொகையை முடிவு செய்யும்போது, மன அதிர்ச்சியால் பள்ளிக்குப் போகாமல் படிப்பு கெட்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகளிலேயே இருக்கிறது. அதனால் அவள் போகாத நாட்களின் வருகைப் பதிவு நகலைப் பள்ளியில் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி, மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.