வாடகை வீட்டு கிச்சன் பூரா எண்ணெய்ப் பிசுக்கு, துடைச்சா பழி என் தலையில விழுமா?

கேள்வி (சுருக்கிப் போட்டிருக்கேன்): வாடகை வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆச்சு சார். கிச்சன் ஷெல்ஃப் மேல கை வச்சா ஒட்டுது, சிம்னி ஃபில்டர்ல எண்ணெய் கோந்து மாதிரி தொங்குது. ஓனர்கிட்ட கேட்டா "கிளீன் பண்ணித்தான் குடுத்தேன், பிடிக்கலன்னா நீங்களே துடைச்சுக்கோங்க"ங்கறார். அக்ரிமெண்ட்ல "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்தும் போட்டுட்டேன். பாதி கிச்சன் துடைச்சாச்சு, அதுல ஓவன் கிளீனர் அடிச்சு ரெண்டு கப்போர்டு கதவுல பெயிண்ட் உரிஞ்சு வந்துருச்சு. மீதிக்கு ஆள் வச்சு கிளீன் பண்ணி அந்தக் காசை வாடகையில கழிச்சுக்கலாமா? காலி பண்ணும்போது அட்வான்ஸ் முழுசா வருமா?

பதில்: முதல்ல கையில இருக்குற ஸ்க்ரப்பரை கீழ வைங்கம்மா. மீதி பாதிய இன்னும் தொடாம இருக்கீங்கல்ல, அதுதான் இப்ப உங்க கையில இருக்குற ஒரே சாட்சி. எல்லாரும் பண்ற தப்பு இது, வீடு அழுக்கா இருக்குன்னு கோவத்துல ரெண்டு நாள் உக்காந்து தேய்ச்சு பளபளன்னு ஆக்கிருவாங்க, காலி பண்ற அன்னிக்கு ஓனர் வந்து "நான் இப்படி பளபளன்னுதான் குடுத்தேன், இப்ப பாரு எப்படி வச்சிருக்க"ன்னு நிப்பார், அப்ப பதில் சொல்ல ஒண்ணும் இருக்காது. காசும் உழைப்பும் உங்களோடது, அதுல பேரு வாங்குறது அவரு.

நீங்க எந்த ஊர், எந்த நாடுன்னு எழுதல, அதனால பெரும்பாலான இடத்துல ஒத்து வர்ற அடிப்படைய சொல்றேன். வாடகைக்கு இருக்கறவர் வாங்குன நிலையில திருப்பிக் குடுக்கணும், நியாயமான தேய்மானம் மட்டும் கழிவு. இந்தியாவோட 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டத்துல 108வது பிரிவு கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது, மத்த பல நாட்டுலயும் வார்த்தை வேற, சாரம் இதே. இதுல கவனிக்க வேண்டியது "வாங்குன நிலை"ங்கற வார்த்தை. வாங்குனதை விட நல்லா திருப்பிக் குடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்ல. ஆனா வாங்கும்போது எப்படி இருந்துச்சுன்னு காட்ட ஒண்ணும் இல்லன்னா, அக்ரிமெண்ட்ல இருக்குற அந்த "நல்ல நிலையில்"தான் பேசும்.

அந்தக் கையெழுத்தை நினைச்சு ரொம்ப பயப்பட வேண்டாம். அது உங்களுக்கு எதிரான ஒரு சாட்சி, அவ்வளவுதான், அதுவே கடைசி வார்த்தை இல்ல. வேற ஆதாரம் காட்டி பொதுவா மறுக்கலாம். ஆனா நாலாவது நாள் எழுதுற லெட்டருக்கு இருக்குற மதிப்பு நாலாவது மாசம் எழுதுறதுக்கு இருக்காது, இன்னிக்கே எழுதுங்க.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம், அந்தப் பிசுக்கே வயசு சொல்லும். நேத்து தெறிச்ச எண்ணெய் திரவமா இருக்கும், டிஷ்யூ வச்சா வந்துரும். காத்து பட்டுப் பட்டு அது மெல்ல கெட்டியாகி வார்னிஷ் மாதிரி ஒரு தோலா மாறும், ஆளி விதை எண்ணெய்ல குழைச்ச பெயிண்ட் காயுறதும் இதே வேலைதான். மஞ்சளா, தூசிய உள்ள இழுத்து, நகத்தால சுரண்டுற மாதிரி இருக்குற பிசுக்கு நாலு நாள்ல வராது. அதை யாரு பார்த்தாலும் புரிஞ்சுக்குவாங்க. அதனால கப்போர்டோட மேல் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்குற சுவர், ஃபில்டரோட உள்பக்கம் இதெல்லாம் நல்லா வெளிச்சத்துல எடுங்க. நீங்க துடைச்ச இடமும் துடைக்காத இடமும் சேர்ற கோடு ஒண்ணு தெரியும் பாருங்க, அதை ரெண்டு மூணு எடுங்க, என்னைக் கேட்டா அந்த ஒரு போட்டோவே போதும். வாசல் கதவுல ஆரம்பிச்சு கட் பண்ணாம கிச்சன் வரைக்கும் ஒரு வீடியோ. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா போட்டோ சுருங்கிரும், எடுத்த தேதி விவரமும் போயிரும், அதனால ஒரிஜினலை போன்லயும் வேற ஒரு இடத்துலயும் பத்திரமா வச்சுட்டு ஓனருக்கு ஈமெயில்ல அனுப்புங்க.

லெட்டர்ல சண்டை வேண்டாம். இப்படி எழுதுனா போதும்: "ஐயா, இத்தனாம் தேதி சாவி வாங்கினேன். கிச்சன்ல பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு, போட்டோ இணைச்சிருக்கேன். ஏழு நாளுக்குள்ள கிளீன் பண்ணித் தரணும், இல்லன்னா நான் ஆள் வச்சு பண்ண உங்க சம்மதத்தையும், செலவை யார் ஏத்துக்கறதுன்னும் எழுத்துல சொல்லுங்க." அவர் பதில் போடலன்னாலும் பரவால்ல, அனுப்புனதே ஒரு ஆதாரம்.

இப்ப வாடகையில கழிக்கிறது. அவர் எழுத்துல ஓகே சொல்லாம ஒரு ரூபாய் கூட கழிக்காதீங்க. உங்க பக்கம் நியாயம் இருந்தாலும், பல இடத்துல வாடகை பாக்கிங்கறது காலி பண்ணச் சொல்ல நேரடிக் காரணம், கிச்சன் பிரச்சனைல ஆரம்பிச்சு டிஃபால்ட்டர்னு பேர் வாங்கி முடியும். தனியா செலவு பண்ணி பில் வச்சு அப்புறம் கேக்குறது வேற, தானா பிடிச்சுக்கறது வேற. உங்க சொந்த உழைப்புக்கு கூலி கேக்கலாமான்னா, கேக்கலாம், கிடைக்கும்னு நம்பிக்கை குடுக்க மாட்டேன்.

பெயிண்ட் உரிஞ்ச கதவு விஷயத்துல உங்களுக்குப் பிடிக்காததை சொல்லணும், அது உங்க பொறுப்புலதான் வர வாய்ப்பு அதிகம். ஓவன் கிளீனர் நிறையதுல காஸ்டிக் சோடா இருக்கும், அது எண்ணெயை சோப்பா மாத்துற மாதிரியே ஆயில் பெயிண்டையும் உரிச்சுரும், பெயிண்ட் அடிச்சது மேல போடாதேன்னு டப்பாலயே எழுதியிருப்பாங்க. "அவர் அழுக்கா குடுத்ததாலதான் நான் துடைச்சேன்"ங்கறது பேச ஒரு பாயிண்ட், முழு விடுதலை இல்ல. ஆனா அவர் ரெண்டு கதவுக்காக மொத்த கிச்சனையும் புதுசா போட்டு உங்ககிட்ட வாங்க முடியாது, பத்து வருஷம் ஓடுன கதவுக்கு புதுக் கதவு விலை கேக்கறதும் பொதுவா நிக்காது, ஓடுன வயசைக் கழிச்சுத்தான் நஷ்டம் கணக்குப் போடுவாங்க. மறைக்காம அந்த ரெண்டு கதவையும் போட்டோ எடுத்து லெட்டர்லயே சொல்லிருங்க. இதை சொல்றவங்க சொல்ற மத்ததையும் நம்பத் தோணும்.

அதே ஓவன் கிளீனரை சிம்னி ஃபில்டர்ல அடிச்சுராதீங்க, அது அலுமினியமா இருந்தா கறுத்து அரிச்சுப் போயிரும், இன்னொரு கேஸ் ஆகும். சுடுதண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு ஊற வைங்க, சுவர்லயும் அதையே தடவி பத்து நிமிஷம் விட்டுத் துடைங்க, அவசரப்படாம ரெண்டு மூணு தடவை. மார்பிள் இருந்தா வினிகர் வேண்டாம், அரிக்கும். ப்ளீச்சோட வினிகரோ அமோனியா இருக்குற கிளீனரோ கலந்தா விஷவாயு வரும், மூடுன கிச்சன்ல அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

கடைசியா அட்வான்ஸ். "எண்ணெய் படியறது இயல்பான தேய்மானம்தானே சார்"னு நிறைய பேர் கேக்கறாங்க. இல்லீங்க. சுவர் கலர் மங்குறது, கைப்பிடி தேயுறது தேய்மானம், துடைச்சா போறது அழுக்கு. 1953ல வாரன் எதிர் கீன்னு ஒரு இங்கிலாந்து வழக்கு, அதுல டென்னிங்ங்கற நீதிபதி நல்ல குடித்தனக்காரர் என்னென்ன பண்ணணும்னு சொல்லும்போது, தேவைப்பட்டா புகைபோக்கிய சுத்தம் பண்றது, ஜன்னல் துடைக்கிறது, தன் கழிவால அடைச்ச சிங்க்கை எடுத்து விடுறது இதையெல்லாம் சேர்த்தார். சின்னச் சின்ன வேலை நம்மளோடது. அதனால இனிமே நீங்க சமைச்சு படியற எண்ணெய் உங்க கணக்கு, அது பழசு மேல படிஞ்சா எது யாரோடதுன்னு பிரிக்க முடியாது, அதுக்காகத்தான் இந்த போட்டோவெல்லாம்.

அக்ரிமெண்ட்ல "காலி பண்ணும்போது கம்பெனி வச்சு கிளீன் பண்ணிக் குடுக்கணும்"னு வரி இருக்கான்னு பாருங்க. இங்கிலாந்துல வாடகைக்காரங்ககிட்ட என்னென்ன கட்டணம் வாங்கலாம்னு சொல்ற 2019 சட்டத்துக்கு அப்புறம் அப்படி கட்டாயப்படுத்த முடியாது, மத்த இடத்துல அந்த வரி செல்லலாம். அந்தப் பக்கத்தையும், எந்த ஊர்னும் அனுப்புங்க, லெட்டர் அனுப்பினதுக்கு அப்புறம் அதைப் பார்ப்போம்.